பத்துத் தெரு, ஒரு முழங்கால்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் தினமும் எழுதப் போகிறேன். நாளுக்கு மூன்று வரி போதும் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார். நான் நான்கு வரி எழுதுவேன். என் பெயர் வேதமுத்து. வயது அறுபத்தேழு. இது ஆறாவது வரி.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று கை வலித்ததால் நிறுத்திவிட்டேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

ஊர் தூத்துக்குடி. நாற்பத்தொரு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தேன். பாத்தியில் உப்பை வாரி, பெட்டியில் அள்ளி, தலையில் வைத்து வரப்புக்குக் கொண்டுவந்து கொட்டும் வேலை. இப்போது என் மனைவி பவுலினாள் நடத்தும் இடியாப்பத் தொழிலில் இருக்கிறேன். பிழிவதும் அவிப்பதும் அவள். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து, தேங்காய்ப்பால் தூக்கைக் கையில் பிடித்து, பத்துத் தெருவுக்கும் கொண்டுபோவது நான். சைக்கிள் விடத் தெரியாது. நாற்பத்தொரு வீடு. கடைசித் தெருவில் விளையாட்டுப் பிள்ளைகள் தங்கும் விடுதி. முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள். அங்கே ஆறரைக்குப் பெட்டி இறங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

வேலை. வகுப்பு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

போன பிப்ரவரியில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டால் விட்டுப்போகும் என்று தோன்றுகிறது.

விடுதியில் பயிற்சி கொடுக்கிறவர் இசக்கியம்மாள் டீச்சர். முப்பது வயது இருக்கும். நான் பெட்டியோடு வருவதைப் பல நாள் பார்த்துவிட்டு, "தாத்தா, பெரியவங்களுக்கு நடைப்போட்டி இருக்கு. அஞ்சு கிலோமீட்டர். பேர் கொடுக்கட்டுமா?" என்றார். நடப்பதற்கு ஒரு போட்டியா என்று சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

மைதானத்தில் நான்தான் முன்னால் போனேன். ஓரத்தில் நின்றவர்கள் மஞ்சள் மட்டை ஒன்றைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்தேன். ஒரு பலகையில் என் எண் பதினான்கையும் பக்கத்தில் ஏதோ ஒரு குறியையும் எழுதினார்கள். அடுத்த சுற்றில் பார்த்தால் இரண்டு முறை இருந்தது. பிறகு மூன்று முறை. வேறு யாருக்கும் ஒன்றுகூட இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கடைசியில் ஒருவர் சிவப்பு மட்டையோடு எதிரே வந்தார். பரிசு என்று நினைத்து, வாங்குவதற்குக் கை நீட்டினேன்.

மைதானமே சிரித்தது. முழங்காலை மடக்கி நடந்ததற்காக என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள். காலைத் தரையில் ஊன்றும்போது முழங்கால் நேராக இருக்க வேண்டுமாம். மூன்று பேர் குற்றம் எழுதினால் வெளியே. பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த குறி அதற்குத்தான்.

எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். சும்மா.

ஜூன் 13, வெள்ளி

வருகிற பிப்ரவரியில் மறுபடியும் போட்டி. முதல் நான்கு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அது நடந்தால் நல்லது. ஆனால் முதல் காரியம், என்னை யாரும் பாதியில் வெளியே அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

இசக்கி டீச்சரிடம் சொன்னேன். விடுதி வாசலில் என்னை நடக்கச் சொல்லிக் கீழே குனிந்து பார்த்தார்.

"தாத்தா, இது என்ன நடை? உக்காந்துகிட்டே நடக்கிற மாதிரி இருக்கு."

"பாத்தியில இப்பிடித்தான் நடக்கணும் டீச்சர். நேரா ஊனினா வழுக்கும். தலையில உப்பு இருக்கும். விழுந்தா உப்பும் போச்சு, முட்டியும் போச்சு."

"எத்தனை வருசம்?"

"நாப்பத்தொண்ணு."

அவர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "எட்டு மாசம் இருக்கு. பாப்போம்" என்றார். டாக்டர் சொல்வதுபோல இருந்தது.

ஜூன் 19, வியாழன்

முழங்காலை நிமிர்த்தியே பத்துத் தெருவும் நடந்தேன். பெட்டி ஆடியது. பால் சிந்தியது. விடுதிக்குப் போனபோது ஆறு ஐம்பது. பிள்ளைகள் பாதிப்பேர் சாப்பிடாமல் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

பவுலினாள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு வருசத்துல பிந்தினது கிடையாது" என்றாள். "ஒம்ம போட்டி பிப்ரவரியில. எனக்குப் போட்டி தெனமும் ஆறரைக்கு."

அவள் சொன்னது சரி.

ஜூன் 20, வெள்ளி

அவளே பேசினாள். அரிசியை நனையப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் எப்பிடி இந்த நாப்பத்தொரு வீடு புடிச்சேன்?"

"நல்லாப் பிழிஞ்ச."

"அது எல்லாரும் பிழிவா. நாலு வீட்டுல தொடங்கினேன். ஒரு வீடு புதுசா வந்தா, பதினஞ்சு நாள் ஒரு நாள்கூடப் பிசகாமப் போகணும். அதுக்குப் பெறகுதான் அடுத்த வீட்டுக்கு வாக்கு கொடுப்பேன். நடுவுல ஒரு நாள் பிந்தினா மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணுவேன். நீரு ஒரே நாள்ல பத்துத் தெருவையும் புடிக்கப் பாத்தா?"

"அப்ப?"

"ஒரு தெரு. முதல் தெரு மட்டும் நிமிந்து நடயும். மீதி ஒம்ம உப்பள நடைதான். பதினஞ்சு நாள். மடங்கினா ஒண்ணுல இருந்து."

"மடங்கினதை யாரு பாப்பா?"

"கர்த்தர் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 9, புதன்

முதல் தெரு முடிந்தது. நடுவில் ஒரு நாள் நாய் குறுக்கே வந்து முழங்கால் மடங்கிவிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றுக்குத் திரும்பினேன். நாய்க்காக விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "வாடிக்கையாளர்கிட்ட நாய் வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

இரண்டாம் தெரு. தெரு முனையில் பவுலினாள் நின்றாள். பால் வாங்க வந்தாளாம். பால் பூத் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. இந்தத் தெரு மேற்கே.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் பால் வாங்க வந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்றாம் தெரு பாதி. தொடையின் பின்பக்கம் இழுக்கிறது. இசக்கி டீச்சர் விடுதிப் பிள்ளைகள் இருவரை விட்டு எப்படி நீட்டி மடக்குவது என்று காட்டச் சொன்னார். அவர்கள் சிரிக்காமல் காட்டினார்கள். நான்தான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுதியில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். வேலை உண்டு.

செப்டம்பர் 3, புதன்

ஐந்தாம் தெருவுக்கு வந்துவிட்டேன். இந்தத் தெருவில்தான் சங்கரபாண்டியன் வீடு. ஓய்வு பெற்ற ஏட்டு. போன பிப்ரவரியில் முதலாவதாக வந்தவர். நம்முடைய வாடிக்கையாளர். தினம் ஆறு இடியாப்பம். கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு எனக்காகவே உட்கார்ந்திருப்பார்.

"என்ன வே, செவப்பு மட்டைய பிரேம் போட்டு மாட்டியாச்சா?"

"அது அவங்களே வச்சுக்கிட்டாங்க ஏட்டையா."

"இப்ப நடக்கிறதைப் பாத்தா பொம்மை நடக்கிற மாதிரி இருக்கு."

"பொம்மைக்கு முழங்கால் மடங்காதுல்லா."

அவர் சிரித்துவிட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். தெரு முடியும்வரை அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் மடக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை. கருவாடு. தூக்கம்.

அக்டோபர் 6, திங்கள்

ஏழாம் தெரு. சுமையோடும் இப்போது பெட்டி ஆடுவதில்லை. விடுதிக்கு ஆறு இருபத்தைந்துக்குப் போனேன். அதாவது, நிமிர்ந்து நடப்பது மெதுவான நடை அல்ல. எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. இடுப்பைத் திருப்பினால் காலே நீளமாகிவிடுகிறது. அறுபத்தேழு வயதில் கால் வளர்கிறது என்று பவுலினாளிடம் சொன்னேன். "நாக்கும் வளருது" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்பதாம் தெருவில் இன்று ஆறாம் நாள். மேகம் கறுத்திருக்கிறது.

நவம்பர் 22, சனி

மழை. இரண்டு நாளாக விடவில்லை. முதல் தெருவிலிருந்து விடுதிவரை முழங்கால் தண்ணீர்.

நவம்பர் 23, ஞாயிறு

பேப்பர் வரவில்லை. பால் வரவில்லை. மின்சாரம் இல்லை. காஸ் இருந்தது. பவுலினாள் மெழுகுவர்த்தியில் பிழிந்தாள். "போக முடியுமா?" என்று கேட்டாள். இப்படி அவள் கேட்டது இதுவே முதல் முறை.

பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பையால் மூடித் தலையில் வைத்தேன். தண்ணீருக்குள் தரை தெரியாது. ஒவ்வொரு காலையும் மடக்கி, அடிப்பாதத்தை முழுதாக வைத்து, தரை பிடித்ததா என்று பார்த்து அடுத்த காலை எடுக்க வேண்டும். என் கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியில் இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்தேன். இருவரும் என்னைவிடச் சின்னவர்கள்.

விடுதிக் கதவைத் திறந்த இசக்கி டீச்சர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. "தாத்தா, இன்னைக்கு நீங்க வருவீங்கன்னு நான் நெனக்கல" என்றார். உள்ளே பார்த்து, "அடுப்ப அணைச்சிடுங்க, சாப்பாடு வந்துட்டு" என்று கத்தினார்.

சங்கரபாண்டியன் மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் வாளி இறக்கி இடியாப்பம் வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேலி பேசவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஆறு நாள். ஒரு நாளும் நிற்கவில்லை, ஒரு நாளும் பிந்தவில்லை. உப்பள நடைதான் காப்பாற்றியது.

டிசம்பர் 1, திங்கள்

தண்ணீர் வடிந்தது. முதல் தெருவில் நிமிர்ந்து நடக்கப் பார்த்தேன். இரண்டாம் வீட்டிலேயே மடங்கியது. மூன்றாம் வீட்டில் மறுபடியும். தெரு முனைக்குள் எட்டுத் தடவை. எட்டு நாளில் கால் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

இல்லை.

டிசம்பர் 3, புதன்

போட்டிக்குப் பேர் கொடுக்க வேண்டாம் என்று இசக்கி டீச்சரிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஐந்து மாதத்தை எட்டு நாள் தின்றுவிட்டது. கணக்குப் போட்டால் பத்துத் தெருவுக்கும் நூற்றைம்பது நாள் வேண்டும். இருப்பது அறுபத்தேழு.

பவுலினாள் இன்று பால் வாங்க வரவில்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று வீட்டுக்கு வேகமாக வந்தேன். காய்ச்சல் இல்லை. "நீரு எங்கயும் நடக்காத மாதிரி நடந்தா நான் எங்க வந்து பாக்க?" என்றாள். பார்க்கத்தான் வந்தாள் என்று அவள் வாயால் சொன்னது இன்றுதான். நாங்கள் இருவரும் அதைக் கவனிக்காததுபோல இருந்துவிட்டோம்.

பிறகு சொன்னாள். "மூணு மாசம் வெளியூர் போயிட்டு வந்த வீட்டுக்காரங்க மறுபடியும் இடியாப்பம் கேட்டா, அவங்களுக்கும் பதினஞ்சு நாளா பாத்தேன்?"

"இல்ல. மூணு நாள்."

"ஏன்?"

"பழகின வீடு."

"அப்ப போயி நடயும்."

டிசம்பர் 4, வியாழன்

முதல் தெரு. முதல் நாள். நான்கு தடவை மடங்கியது. நாளையும் முதல் நாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் தெரு திரும்பக் கிடைத்தது.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாற்பத்தொரு வீட்டுக்கும் உண்டு. ஐந்து தெரு நிமிர்ந்து போனேன். பவுலினாள் புதுச் சேலையோடு தெரு முனையில் நின்றாள். எதற்கு வந்தாள் என்று காரணம் சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்

எட்டுத் தெரு.

ஜனவரி 30, வெள்ளி

பத்துத் தெரு. இன்று பதினைந்தாம் நாள். விடுதி வாசலில் பெட்டியை இறக்கும்போது மணி ஆறு பதினெட்டு. இசக்கி டீச்சர் தன் கைக்கடிகாரம் தவறு என்று நினைத்து உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பேர் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 7, சனி

நாளை எட்டு மணிக்குப் போட்டி. "காலையில வேலைக்குப் போகாதீங்க தாத்தா, ரெஸ்ட் எடுங்க, பிள்ளைகளே வந்து பெட்டிய வாங்கிக்குவாங்க" என்றார் டீச்சர். நாற்பத்தொரு வீட்டுக்கு யார் போவது என்று கேட்டேன். அது மட்டும் இல்லை. காலையில் பத்துத் தெரு நடக்காமல் நான் எப்படி நடக்கத் தொடங்குவது?

பயம் ஒன்றும் இல்லை. சோறு இறங்கவில்லை. புளி கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும் நிறுத்தப் போவதில்லை.

வேலை முடித்து ஏழரைக்கு மைதானம் போனேன். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒன்பது பேர். எனக்கு எண் ஆறு. சங்கரபாண்டியன் புது ஷூ போட்டிருந்தார்.

"இன்னைக்கும் வணக்கம் வைப்பீரா வே?"

"தெரிஞ்ச முகமா இருந்தா வைப்பேன் ஏட்டையா."

பன்னிரண்டரைச் சுற்று. ஒன்றாம் சுற்றை முதல் தெரு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சுற்று இரண்டாம் தெரு. தலையில் ஒன்றும் இல்லாததால் முதலில் கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் பலகையில் ஆறு என்று எழுதினார்கள். பக்கத்தில் மடங்கிய முழங்கால் குறி. படித்தேன். புரிந்தது. ஒரு பாதச்சுவடு அளவுக்குக் காலடி நீளத்தைக் குறைத்தேன்.

பவுலினாள் தூரத்து வளைவில் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். மைதானத்துக்கு அவள் வந்தது இதுவே முதல் தடவை. ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடந்தேன். என் முகத்தை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் சுற்றில் சங்கரபாண்டியனும் இன்னொருவரும் முன்னால். நான் மூன்றாவது. அவர்களைப் பிடிக்கலாம் என்று ஆசை வந்தது. ஆசை வந்ததும் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது. பலகையில் இரண்டாவது ஆறு.

இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே. மூன்றரைச் சுற்று பாக்கி.

பத்து முடிந்தது. பத்துக்கு மேல் எனக்குத் தெரு கிடையாது. பதினோராம் சுற்றை எந்தத் தெருவாக நினைப்பது என்று தெரியாமல் நடந்தேன். தொடை நெருப்பாக இருந்தது. மடக்கினால் உடனே சுகம் கிடைக்கும். நாற்பத்தொரு வருடம் பழகிய சுகம்.

கடைசி அரைச் சுற்றில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எட்டயபுரத்துக்காரர், நீலச் சட்டை. நெருங்கிவிட்டார். கடைசி வளைவில் நடுவர் ஒருவர் தரையோடு குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் மடக்கிப் பாய்ந்தால் எட்டயபுரத்துக்காரர் என்னைத் தொட முடியாது. மூன்றாம் இடம், பதக்கம். அந்த ஒரு நொடியில் இது எல்லாமே தெளிவாகத் தெரிந்தது.

நான் காலை நேராக ஊன்றினேன். மறுபடியும் ஊன்றினேன். நீலச் சட்டை என்னைக் கடந்து போயிற்று. நடுவர் நிமிர்ந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை.

நான்காவதாகக் கோட்டைத் தாண்டினேன். மாநிலப் போட்டிக்கு நான்காவது ஆளாகப் பேர் எழுதினார்கள். தாண்டிய பிறகும் என்னால் காலை மடக்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் பிடித்து உட்காரவைத்தார்கள்.

இரண்டாவதாக வந்த சங்கரபாண்டியன் பதக்கத்தோடு வந்தார். "மூணாமது வந்திருக்கலாமே வே. கடைசியில ஏன் விட்டீரு?"

"விடல ஏட்டையா. நடந்தேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தது. "நாளைக்கு எனக்கு எட்டு இடியாப்பம் வச்சிரும்" என்றார்.

பவுலினாள் வேலியைச் சுற்றி மெதுவாக வந்தாள். நல்லா நடந்தீரு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"பதினொண்ணுலயும் பன்னிரண்டுலயும் தடுமாறினீரு" என்றாள்.

"பத்துத் தெருதான பழகினேன்."

அவள் தலையாட்டினாள். ஏதோ யோசித்தாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுரோட்டில்.

பிப்ரவரி 9, திங்கள்

கால் மரக்கட்டை. நாலரைக்கு எழுந்தேன். பவுலினாள் பிழிந்து முடித்திருந்தாள். பெட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"ஏட்டுக்கு ரெண்டு கூட. அதுக்கா இம்புட்டு?"

"ரயில்வே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா வீடு. போன வருசத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தா. தூரம்னு முடியாதுன்னுட்டேன். நேத்துச் சாயங்காலம் போயி வாக்கு கொடுத்துட்டு வந்தேன். விடுதியில இறக்கிட்டு அப்பிடியே போயிரும். ஆறு முக்காலுக்கு."

"அது எந்தத் தெரு?"

"பதினொண்ணு" என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "பன்னிரண்டுக்கும் ஆள் பாத்து வச்சிருக்கேன். இது பதினஞ்சு நாள் போகட்டும்" என்றாள்.

ஆறு நாற்பத்து நான்குக்கு அந்தக் கதவைத் தட்டினேன்.

முதல் நாள்.